கொழும்பில் ஒரே கூரையின் கீழ் அரச மருத்துவம் கிடைக்குமா?

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. அவருடைய அம்மாவுக்கு 68 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் தனியாக இருக்கிறார். சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. தம்பி குடும்பம் கொட்டாஞ்சேனையில். தம்பியின் மனைவி இப்போது கர்ப்பிணி. இரண்டு வீட்டுக்கும் தனியார் வைத்தியசாலைச் செலவு மாதாமாதம் கனடாவிலிருந்து போகிறது. அங்கே அவர் போகும் சமூக சுகாதார நிலையத்தில் வைத்தியர், தாதி, உணவு ஆலோசகர், சமூக சேவையாளர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள், செலவு அரசாங்கத்துடையது. கொழும்பில் அப்படி ஓர் இடம் உண்டா?

தம்பியின் மனைவிக்கு உண்டு, அம்மாவுக்கு இல்லை. அம்மாவுக்கு வேண்டிய எல்லாம் இந்த நகரத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஐந்தாறு வாசல்களில் கிடைக்கிறது. அந்த வாசல்களைச் சேர்த்துக் கட்டும் வேலையைக் குடும்பம்தான் செய்ய வேண்டும். அரச வைத்தியசாலை மருந்தகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்டாரியோவில் நீங்கள் பார்க்கும் ஏற்பாடு சும்மா வந்ததல்ல. 1972ஆம் ஆண்டின் ஹேஸ்டிங்ஸ் அறிக்கை இத்தகைய நிலையங்களைப் பரிந்துரைத்தது. அங்குள்ள வைத்தியருக்கு மாதச் சம்பளம். எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்ற கணக்கில் பணம் இல்லை. ஆகவே ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினாலும் அவருக்கு நட்டமில்லை. அமெரிக்காவில் இதற்கும் முன்பே, 1965இல், பொஸ்டன் நகரின் கொலம்பியா பொயின்ட் குடியிருப்பில் முதலாவது நிலையம் திறந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜக் கைகர், பின்னர் மிசிசிப்பியின் வறிய கிராமப்புறத்தில் நடத்திய நிலையத்தில், பசியால் வாடிய பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் கொடுத்த பால், இறைச்சி, காய்கறிக்கான காசு நிலையத்தின் மருந்து நிதியிலிருந்து போனது. மேலிடம் கேள்வி கேட்டபோது, போஷாக்கின்மைக்கு மருந்து உணவுதானே என்று அவர் பதில் சொன்னதாக வரலாறு. மருந்து கொடுத்தே காலம் கழித்த எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். நம் நாட்டிலும் 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசாங்கம் திரிபோஷா என்ற சத்துமாப் பைக்கற்றைக் கிளினிக்கில் வைத்தே கொடுக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இலங்கையின் கதை தொடங்குவது 1926இல், களுத்துறையில். அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் அங்கே முதலாவது சுகாதார அலகு அமைந்தது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே மருத்துவ மாதுக்கள், பரிசோதகர்கள், தாதி, அவர்களுக்கென்று ஓர் எல்லை. அந்த எல்லைக்குள் யார் கர்ப்பமானாலும், எந்தப் பிள்ளை பிறந்தாலும், எந்தக் கிணறு கெட்டாலும் அவர்கள் பொறுப்பு. அந்த மன்றம் இங்கே வந்ததே அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், தோட்டத் தொழிலாளரிடையே கொக்கிப்புழுவை ஒழிக்க. ஆனால் தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் வேலை 1990களில்தான் வேகம் பிடித்தது. முதலில் மருந்து குடித்தவர்கள் கடைசியில் கணக்கில் சேர்ந்தார்கள். இதை இங்கே விரித்தால் பதில் வேறு திசைக்குப் போய்விடும்.

களுத்துறை மாதிரிதான் இன்று நாடெங்கும் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. தாயும் சேயும் என்றால் அது உண்மையிலேயே ஒரே கூரை. தம்பியின் மனைவி தன் பகுதிக்குரிய கிளினிக்கில் பதிந்துகொண்டால் எடை, பிரஷர், சிறுநீர், இரத்தம் எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். இரும்புச் சத்து மாத்திரை, போலிக் அமிலம், ஏற்பு ஊசி கொடுப்பார்கள். பல்லைக் காட்டச் சொல்லி அனுப்புவார்கள். சீனி இருக்கிறதா, சிபிலிசு இருக்கிறதா, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று கர்ப்பிணிகள் எல்லாருக்கும் பார்க்கப்படும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது இந்தச் சலிப்பூட்டும், ஒருவரையும் விடாத இரத்தப் பரிசோதனையால்தான். கையில் இரத்தம் எடுக்கும்போது "எனக்கு எதற்கு அந்தப் பரிசோதனை" என்று முகம் சுளிக்கும் பெண்களிடம் இதைச் சொல்லலாம்.

பிள்ளை பிறந்த பிறகு குடும்பநல மருத்துவ மாது வீட்டுக்கு வருவார். தடுப்பூசிகள் அதே கிளினிக்கில். பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசி வைத்தியசாலையிலேயே போட்டுவிடுவார்கள். பிறகு 2, 4, 6 மாதங்களில், பிறகு 9 மாதத்தில், ஒரு வயதில் என்று பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே போவார்கள். ஆண் பிள்ளைக்கு நீல அட்டை, பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. அந்தப் பதிவேட்டைக் கவனமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூட அனுமதிக்கும் கேட்பார்கள், நாளை கனடாவுக்கு வந்தாலும் கேட்பார்கள். தனியார் இடங்களில் இதே தடுப்பூசிகளுக்குப் பணம் கட்டுகிறவர்களில் பலர், இது இலவசமாகத் தெருமுனையில் கிடைக்கிறது என்று தெரிந்தும் கட்டுகிறார்கள். காரணம் கேட்டால் "கூட்டம்" என்பார்கள். கூட்டம் உண்மைதான். ஆனால் குளிர்ப்பெட்டியில் மருந்து எத்தனை பாகையில் இருக்கிறது என்று தினமும் குறித்து வைக்கும் இடம் எது என்று என்னைக் கேட்டால் நான் அரச கிளினிக்கைத்தான் காட்டுவேன்.

ஒரு சிக்கல் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் பொது. தொடர்மாடிகளின் வாசலில் நிற்கும் காவலாளி மருத்துவ மாதுவை உள்ளே விடுவதில்லை. வெள்ளைச் சேலையில் ஒரு பெண், கையில் பெரிய பை, எந்த வீட்டுக்கு என்று கேட்டால் "இங்கே கர்ப்பிணிகள் யாராவது இருக்கிறார்களா" என்கிறார். காவலாளிக்கு அது விற்பனைக்கு வந்தவர் மாதிரித்தான் தெரியும். அவர் திரும்பிப் போவார், பதிவேட்டில் அந்த வீடு இல்லாமல் போகும். எனவே தம்பியே பணிமனைக்குப் போய் மனைவியைப் பதிந்து, மாதுவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக் காவலாளியிடமும் சொல்லி வைக்கட்டும். பிரசவத்துக்கு அங்கிருந்தே டி சொய்சா மகளிர் வைத்தியசாலைக்கோ காசல் வீதி வைத்தியசாலைக்கோ கடிதம் கொடுப்பார்கள். டி சொய்சா 1879இல் தொடங்கியது. ஆசியாவின் பழைமையான மகப்பேற்று மனைகளில் ஒன்று. கட்டடத்தின் அழகுக்காக யாரும் அங்கே போவதில்லை, நள்ளிரவில் இரத்தமும் மயக்க மருந்து வைத்தியரும் தயாராக இருப்பதற்காகப் போகிறார்கள்.

இப்போது அம்மா.

களுத்துறையில் வகுத்த திட்டம் தாய், சேய், தொற்றுநோய், மலசலகூடம் என்பவற்றுக்காக வகுத்தது. அது வென்றது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றுகூடக் கிடைத்தது. ஆனால் இன்று இந்த நாட்டு மரணங்களில் பத்தில் எட்டு இருதயம், சீனி, புற்றுநோய், மூச்சு நோய் போன்ற தொற்றா நோய்களால். நோய் தடுக்கும் கிளை ஒரு கட்டடத்தில், நோய் தீர்க்கும் கிளை இன்னொரு கட்டடத்தில் என்று அன்று பிரிந்தது இன்றுவரை ஒன்றாகவில்லை. சீனி வருத்தமோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

கொழும்பில் இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு சிறிய வைத்தியசாலைகள் மாகாண சபைகளுக்குப் போயின. போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சிடம் நின்றன. கொழும்பு நகர எல்லைக்குள் சுகாதார வைத்திய அதிகாரிகளும் மருத்துவ மாதுக்களும் இலவச மருந்தகங்களும் மாநகர சபைக்கு உரியவை. ஆக, உங்கள் அம்மா இருமலுக்கு மாநகர சபை மருந்தகத்துக்குப் போனால் ஓர் அரசு, களுபோவிலைப் போதனா வைத்தியசாலைக்குப் போனால் இன்னோர் அரசு, தெஹிவளையில் இருக்கும் உங்கள் பெரியம்மா வீட்டுக்குப் போய் அங்கே காய்ச்சல் வந்தால் வேறோர் அலுவலகம். ஓரிடத்துப் பதிவு மற்ற இடத்துக்குத் தெரியாது. நோயாளியின் கையில் இருக்கும் கொப்பிதான் எல்லாருக்கும் பொதுவான ஒரே ஆவணம்.

இதைச் சீராக்க வேண்டும் என்று 2018இல் கொள்கை வகுத்தார்கள். உலக வங்கி 200 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. 5,000 பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர், ஆளுக்கொரு தனிப்பட்ட சுகாதார இலக்கம், பெரிய வைத்தியசாலையைச் சுற்றிச் சிறிய நிலையங்கள், அங்கேயே ஆய்வுகூட வசதி என்று திட்டம். நல்ல திட்டம். பிறகு கொரோனா வந்தது, 2022இல் டொலர் இல்லாமல் போனது, மருந்தே இல்லாத நாட்களைப் பார்த்தோம். திட்டத்தின் பலன் சிறிய ஊர்களில் தெரிகிற அளவுக்குக் கொழும்பு நகருக்குள் தெரியவில்லை என்பது என் கருத்து. இங்கே ஒரு பஸ் தூரத்தில் தேசிய வைத்தியசாலை இருக்கும்போது சிறிய நிலையத்தை யார் தேடுவார்கள்? பெரிய வைத்தியசாலைக்குப் போகக் கடிதம் தேவை என்ற கட்டாயமும் இல்லை. எல்லாரும் நேரே அங்கேதான் போகிறார்கள்.

அம்மாவுக்கு நான் சொல்லும் வழி இது. முதலில் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையில், இல்லையென்றால் தேசிய வைத்தியசாலையில், வெளிநோயாளர் பிரிவில் ஒரு முறை காட்ட வேண்டும். இப்போது குடிக்கும் மருந்துகள், கடைசியாக எடுத்த இரத்த அறிக்கை, தேசிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை நான்கும் கையில் இருக்கட்டும். 60 வயது தாண்டியவர்களுக்கு முதியோர் அட்டை பிரதேச செயலகத்தில் கிடைக்கும்; கிராம அலுவலரிடம் படிவம் கேட்கலாம். வரிசையில் முன்னுரிமை கேட்க அது ஒன்றே போதும். வெளிநோயாளர் வைத்தியர் அவரை மருத்துவக் கிளினிக்குக்கு எழுதி அனுப்புவார். அங்கே ஒரு கொப்பி திறப்பார்கள். அதன்பின் வாரத்தில் ஒரு குறித்த நாள் அவருடைய கிளினிக் நாள். மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ போய், வைத்தியரைக் கண்டு, மருந்து வாங்கி வரவேண்டும். காலையிலேயே போக வேண்டும். மதியம் ஆகும். கூட ஒருவர் போவது நல்லது, குறைந்தது முதல் சில தடவைகளுக்காவது.

கொப்பி முக்கியம். மலிவான கொப்பி வேண்டாம். கெட்டி அட்டை போட்ட கொப்பியை வாங்கி, பொலித்தீன் உறை போட்டு, முதல் பக்கத்தில் ஒவ்வாமை உள்ள மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். கண் வைத்தியசாலையில் என்ன சொன்னார்கள், தனியாக எடுத்த பரிசோதனையில் என்ன வந்தது, எல்லாம் அதே கொப்பியில் ஒட்டப்பட வேண்டும். ஒன்டாரியோவில் கணினி செய்கிற வேலையை இங்கே பசையும் கத்தரிக்கோலும் செய்கின்றன.

தனியாரில் காட்டிக்கொண்டே அரச கிளினிக்கிலும் மருந்து எடுப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். கவுண்டரில் நான் அடிக்கடி கண்ட காட்சி: ஓர் அம்மா பையைக் கவிழ்ப்பார். அரச மருந்தகம் கொடுத்த சிறிய காகித உறைகள் சில, அவற்றின்மேல் பேனாவால் காலை, இரவு என்ற குறிப்பு, பெரும்பாலும் சிங்களத்தில். அவற்றோடு தனியார் மருந்துக் கடையின் பளபளக்கும் அட்டைகள். உறையில் லொசார்டன் என்ற பிரஷர் மருந்து வெறும் மாத்திரையாக இருக்கும். அட்டையிலும் லொசார்டன்தான், ஆனால் கம்பனி வைத்த பெயர் பெரிய எழுத்தில், உண்மைப் பெயர் எறும்பு எழுத்தில். இரண்டையும் காலையில் போட்டுவிட்டுக் குளியலறையில் தலைசுற்றி விழுந்திருப்பார். "டொக்டர் கொடுத்தது, அதுதான் இரண்டையும் குடித்தேன்" என்பார். அவர் மேல் என்ன பிழை? சீனி மாத்திரை இப்படி இரட்டித்தால் இன்னும் ஆபத்து, நள்ளிரவில் சீனி இறங்கிவிடும். எனவே உங்கள் அம்மாவிடம் இருக்கும் எல்லா மருந்தையும் மேசையில் பரப்பி, தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் இருக்கும் உண்மைப் பெயரை வரிசையாக எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், எதை விடுவது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் அந்தப் பட்டியலுடன் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ அன்றே அனுப்புங்கள்.

அரச மருந்தகத்தில் ஒரு மருந்து முடிந்துவிட்டால் வெளியே வாங்கும்படி துண்டு எழுதித் தருவார்கள். அப்போது முதலில் ஒசுசலவுக்குப் போகட்டும். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடைகள் அவை. உண்மைப் பெயரில் மருந்து வாங்கும் வழக்கத்தை இந்த நாட்டுக்குக் கொடுத்தவரே அவர்தான்.

மற்ற வாசல்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சீனி உள்ளவர் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்படலத்தைக் காட்ட வேண்டும். தேசிய கண் வைத்தியசாலைக்குக் கிளினிக் வைத்தியரிடம் கடிதம் கேட்கலாம். பல்லுக்கு மாநகர சபையின் பல் சிகிச்சை நிலையமோ பெரிய வைத்தியசாலையின் பல் பிரிவோ. பாதத்தில் சிறு புண் என்றாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. நீண்ட நாள் இருமலுக்கு டீன்ஸ் வீதியிலுள்ள மத்திய மார்பு நோய்க் கிளினிக். மனம் சோர்ந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம். களுத்துறை ஆண்டும் அந்த இலக்கமும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க உதவும். ஆயுர்வேதம் வேண்டுமென்றால் மாநகர சபையின் இலவச ஆயுர்வேத மருந்தகங்கள் உண்டு. அங்கே போனாலும் ஆங்கில மருந்தை நிறுத்தக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.

தம்பியையும் விட்டுவிடக் கூடாது. அவருக்கு 35 வயது தாண்டியிருந்தால் அவருக்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் எடை, பிரஷர், சீனி, கொழுப்பு பார்த்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்வார்கள். வாயையும் திறந்து பார்ப்பார்கள், வெற்றிலை போடுகிறவர்களுக்கு அது முக்கியம். இலவசம். இருந்தும் அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை நாளில் காலை நேரம் திறந்துவைத்துவிட்டு ஆண்கள் வரவில்லையே என்று கவலைப்பட்டால் எப்படி? புறக்கோட்டையில் கடை திறக்கும் மனிதர் அந்த நேரத்தில் எங்கே வருவார்? இதை ஏற்பாட்டின் குறையாகத்தான் நான் பார்க்கிறேன். அம்மா வயதுப் பெண்களுக்கு அல்ல, 35, 45 வயதுப் பெண்களுக்கு 1996 முதல் தனிப் பரிசோதனைக் கிளினிக் இருக்கிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயையும் மார்பையும் பார்ப்பார்கள். தம்பியின் மனைவிக்குப் பிற்காலத்தில் உதவும்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். தமிழ் அரசகரும மொழி என்று சட்டம் சொல்கிறது. கவுண்டரில் நிற்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சட்டம் உத்தரவாதம் தரவில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் பரவாயில்லை. பெரிய வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் இளம் வைத்தியர்கள் எப்போதும் இருக்கிறார்கள். தயங்காமல் "தமிழில் பேசக்கூடிய ஒருவர் இருக்கிறாரா" என்று கேட்கலாம். கேட்டால் கூப்பிட்டு விடுவார்கள். கேட்காமல் தலையாட்டிவிட்டு வருவதுதான் நம் ஆட்களின் பழக்கம், அதனால் காலையில் குடிப்பதை இரவில் குடிக்கிறார்கள். உறையை வாங்கிய இடத்திலேயே நின்று, ஒவ்வோர் உறையின் மேலும் தமிழில் தானே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

உங்கள் ஊரில் இருக்கிற, இங்கே உண்மையாகவே இல்லாத ஒன்று உண்டு. "வீட்டில் யார் இருக்கிறார்கள், சமைப்பது யார், கடைசியாக யாரோடு பேசினீர்கள்" என்று உட்கார வைத்துக் கேட்கும் சமூக சேவையாளர். கிளினிக் வைத்தியர் ஒரு காலையில் பார்க்கும் கூட்டத்துக்கு அது முடியாது. அந்த இடத்தைப் பணத்தால் நிரப்ப முடியாது, பக்கத்து வீட்டுக்காரராலோ கோயில் பழக்கத்தாலோ உங்கள் ஞாயிற்றுக்கிழமை அழைப்பாலோ ஓரளவு நிரப்பலாம்.

தனியாரை முற்றாக நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. 1977 முதல் அரச வைத்தியர்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. காலையில் கிளினிக்கில் காணும் விசேட வைத்தியரை மாலையில் சனலிங்கில், அதாவது தனியாரில் பணம் கட்டி, காண்பது இங்கே சாதாரணம். எனவே ஆண்டுக்கு ஓரிரு முறை அதே வைத்தியரிடம் தனியாக நேரம் எடுத்து, கொப்பியைக் காட்டி, ஆறுதலாகக் கேள்வி கேட்கலாம். மூன்று மாதச் சராசரி சீனியைக் காட்டும் பரிசோதனை அரச ஆய்வுகூடத்தில் கிடைக்காத நாளில் வெளியே செய்யலாம். மாத மருந்தும் வழக்கமான இரத்தப் பரிசோதனையும் கிளினிக்கிலிருந்தே வரட்டும். மிச்சமாகும் பணத்தில் கிளினிக் நாளுக்கு ஒரு முச்சக்கர வண்டியும் கூடப் போக ஒரு நம்பிக்கையான பெண்ணும் ஏற்பாடு செய்யுங்கள். அம்மா கிளினிக்கை விட்டுவிடாமல் இருப்பதற்கு இந்தச் செலவு வேறு எதையும்விட உதவும்.

அவசரத்துக்கு 1990, சுவசெரிய அம்பியூலன்ஸ், காசில்லை. இந்தியாவின் நன்கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுவதும் போகிறது. அந்த இலக்கத்தோடு வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், எத்தனையாம் மாடி, மின்தூக்கி வேலை செய்யாத நாளில் எந்தப் பக்கப் படி என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். காவலாளியிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.